தோலும் சீவலும் ஜெல்லியாகுமா? காஞ்சிபுரம் வீடுகளுக்கு ஏற்ற பாதுகாப்பான செய்முறை

பங்குனி பிறந்தது முதல் வைகாசி கருட சேவை முடியும் வரை காஞ்சிபுரத்தில் தர்பூசணிக்குக் குறைவே இருக்காது. மதுராந்தகம், செய்யூர், திண்டிவனம் பகுதிகளிலிருந்து லாரி லாரியாக வந்து இறங்கும். பழத்தின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோல். சிவப்புச் சதையைத் தின்றதும் மீதி குப்பைத் தொட்டிக்குப் போகிறது. கல்யாண மண்டபச் சமையல்கட்டிலும் கோயில் அன்னதானக் கூடத்திலும் கேரட் சீவல், பூசணித் தோல், எலுமிச்சை மூடி என்று நாள்தோறும் கூடை கூடையாகச் சேர்கிறது. தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு வேறு கவலை. வடு விழுந்த கொய்யா, காற்றில் உதிர்ந்த மாங்காய், உருவம் கோணிய கேரட் ஆகியவற்றை ராஜாஜி மார்க்கெட்டுக்கு ஏற்றிச் சென்றாலும் வண்டிக் கூலிகூடத் தேறாது.

இவற்றை ஜெல்லியாகக் காய்ச்சி பாட்டிலில் அடைத்து வைக்கலாமா, விற்கலாமா என்று மகளிர் குழுக்களில் கேட்கிறார்கள். செய்யலாம். ஆனால் எல்லாக் கழிவும் ஜெல்லியாகாது. ஜெல்லியாகும் கழிவையும் முறை தவறி அடைத்தால் வீட்டாரின் உயிருக்கே ஆபத்து நேரலாம். எது முடியும், எது கூடாது என்பதைத் தெரிந்துகொண்டு அடுப்பைப் பற்ற வைப்பது நல்லது.

ஜெல்லி எப்படி உறைகிறது?

பழத்தைச் சதையோடு மசித்துக் காய்ச்சினால் அது ஜாம். பழத்தை வேகவைத்து, சாற்றை மட்டும் தெளிவாக வடித்து, சர்க்கரை சேர்த்துக் காய்ச்சுவது ஜெல்லி. நல்ல ஜெல்லி கண்ணாடி போல ஒளி ஊடுருவும். பாட்டிலிலிருந்து எடுத்தால் வடிவம் குலையாமல் நிற்கும். கத்தியால் வெட்டினால் வெட்டிய முனை அப்படியே இருக்கும்.

இதற்கு மூன்று பொருள்கள் சரியான அளவில் சேர வேண்டும். முதலாவது பெக்டின். செடியின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பசை இது. பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் ஆன்றி பிராக்கோனோ 1825-இல் இதைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். இரண்டாவது புளிப்பு. சாற்றின் பி.எச். அளவு 3.0 முதல் 3.3 வரை இருந்தால் பெக்டின் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மூன்றாவது சர்க்கரை. காய்ச்சி முடித்த ஜெல்லியில் கரைந்த திடப்பொருள் 65 சதவீதம் இருக்க வேண்டும். சர்க்கரை தண்ணீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதால்தான் பெக்டின் வலை இறுகுகிறது. கிருமிகள் வளரத் தேவையான ஈரமும் அவற்றுக்குக் கிடைக்காமல் போகிறது.

இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் பாட்டிலில் இருப்பது பாகுதான், ஜெல்லி ஆகாது.

எந்தக் கழிவு உதவும்?

கொய்யா, விளாம்பழம், களாக்காய், புளிப்பான ஆப்பிள், மாங்காய் ஆகியவற்றில் பெக்டினும் புளிப்பும் சேர்ந்தே இருக்கின்றன. எலுமிச்சை, சாத்துக்குடி, பம்ளிமாஸ் பழங்களின் தோலுக்கு உட்புறமுள்ள வெள்ளைப் பகுதியிலும் பெக்டின் நிறைய உண்டு. ஆலைகளில் பெக்டின் தூள் தயாரிப்பதே பெரும்பாலும் இந்த எலுமிச்சை வகைத் தோலிலிருந்தும் ஆப்பிள் சக்கையிலிருந்தும்தான்.

தர்பூசணியின் வெள்ளைச் சதை, பூசணித் தோல், கேரட் சீவல் ஆகியவற்றில் புளிப்பு மிகக் குறைவு. பெக்டின் இருந்தாலும் ஜெல்லி உறையப் போதாது. பீட்ரூட் பெக்டினுக்கு உறையும் திறனே குறைவு. பீட்ரூட் தோலை நிறத்துக்கு மட்டும் சேர்க்கலாம். ஆகவே, காய்கறிக் கழிவில் ஜெல்லி செய்வதானால் பெக்டினும் புளிப்பும் வெளியிலிருந்து சேர்க்கத்தான் வேண்டும்.

சில கழிவுகளைத் தொடவே கூடாது. உருளைக்கிழங்குத் தோலில், அதிலும் பச்சை படர்ந்த தோலிலும் முளையிலும், சோலனின் என்ற நச்சு உண்டு. அழுகிய, பூசணம் பிடித்த பகுதி எந்தக் காயில் இருந்தாலும் வேண்டாம். கடித்துத் தின்று போட்ட தர்பூசணித் தோலை மாட்டுக்குப் போடலாம், ஜெல்லிக்கு எடுக்கக் கூடாது. தின்பதற்கு முன்பே சுத்தமான கத்தியால் தனியாகச் சீவி எடுத்த வெள்ளைச் சதை மட்டுமே சமையலுக்கு உரியது.

மருந்து தெளித்த காயின் மேல்தோலில்தான் எச்சம் அதிகம் தங்கும். சொந்தத் தோட்டத்துக் காய் என்றால், மருந்துப் புட்டியில் குறிப்பிட்டுள்ள காத்திருப்புக் காலம் முடிந்த பின் பறித்ததா என்று பார்க்க வேண்டும். கேரட், பீட்ரூட் போன்ற கிழங்கு வகைகளை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவிய பிறகே தோலைச் சீவ வேண்டும். சீவிய பிறகு கழுவினால் மண் சீவலோடு கலந்துவிடும். மண்ணில்தான் கிருமிகளின் வித்துகள் இருக்கின்றன.

முதலில் கொய்யாவில் கை பழகுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கொய்யாவே ஏற்றது. தனியாகப் பெக்டின் வாங்க வேண்டியதில்லை. அளவில் சிறியது, வடு விழுந்தது, ஜூஸ் எடுத்தபின் மிஞ்சும் தோலும் விதைப்பகுதியும் எல்லாம் ஆகும். முற்றிலும் கனிந்தவற்றைவிட, பழுத்தும் பழுக்காமலும் உறுதியாக இருக்கும் காயில் பெக்டின் அதிகம்.

1 கிலோ கொய்யாவை மெல்லிய துண்டுகளாக நறுக்கி, துண்டுகள் மூழ்கும் அளவு, அதாவது 1 முதல் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, 2 கிராம் சிட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள். மிதமான தீயில் 20 முதல் 30 நிமிடம் வேகவைத்து, தடித்த துணியில் கொட்டிக் கட்டித் தொங்கவிட வேண்டும். சாறு தானாகச் சொட்ட வேண்டும். துணியைப் பிழிந்தால் சாறு கூடும், ஆனால் ஜெல்லி கலங்கிவிடும். வடிந்த சாற்றைச் சில மணி நேரம் தெளியவிட்டு, அடியில் படிந்ததை விட்டு மேல்தெளிவை மட்டும் எடுக்க வேண்டும்.

இனி பெக்டின் சோதனை. ஆறிய சாறு 1 தேக்கரண்டி எடுத்து, அதில் 2 தேக்கரண்டி மெத்திலேட்டட் ஸ்பிரிட் ஊற்றி மெதுவாகச் சுழற்ற வேண்டும். ஒரே கட்டியாகத் திரண்டால் பெக்டின் அதிகம், 1 கிலோ சாற்றுக்கு 1 கிலோ சர்க்கரை போடலாம். இரண்டு மூன்று கட்டிகளாகப் பிரிந்தால் நடுத்தரம், 750 கிராம் போதும். பொடிப்பொடியாக உதிர்ந்தால் பெக்டின் குறைவு, அரை கிலோவுக்கு மேல் போடக் கூடாது. மெத்திலேட்டட் ஸ்பிரிட் நஞ்சு. சோதித்த சாற்றை உடனே கீழே கொட்டிவிட வேண்டும். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் புட்டியை வைக்க வேண்டும்.

தர்பூசணி - கேரட் ஜெல்லி

தேவையானவை: தர்பூசணியின் வெள்ளைச் சதை 750 கிராம் (பச்சைத் தோலும் சிவப்புச் சதையும் நீக்கியது), கேரட் சீவலும் நுனிகளும் 250 கிராம், தண்ணீர் 1 லிட்டர், சர்க்கரை 750 கிராம், 150 கிரேடு பெக்டின் தூள் 6 கிராம், சிட்ரிக் அமிலம் 6 கிராம், சிறிது எலுமிச்சை மேல்தோல் துருவல் அல்லது இஞ்சி.

150 கிரேடு என்றால், 1 கிராம் பெக்டின் 150 கிராம் சர்க்கரையை உறையவைக்கும் என்று பொருள். 750 கிராம் சர்க்கரைக்கு 5 கிராம் போதும். வீட்டுத் தராசின் முன்பின்னைக் கருதி 6 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளைச் சதையைத் துருவி, கேரட் சீவல், எலுமிச்சைத் துருவல், தண்ணீர் சேர்த்து அரை மணி நேரம் வேகவைத்து, துணியில் வடித்து 1 கிலோ சாறு அளந்து எடுங்கள். பெக்டின் தூளை நேரடியாகச் சாற்றில் கொட்டினால் கட்டி தட்டும். அதை 60 கிராம் சர்க்கரையோடு உலர்வாகக் கலந்து, சூடான சாற்றில் தூவியபடியே கிளற வேண்டும். 2 நிமிடம் கொதித்ததும் மீதிச் சர்க்கரையைச் சேர்த்து, தீயைக் கூட்டி வேகமாகக் காய்ச்ச வேண்டும். மேலே வரும் நுரையை எடுத்துவிட வேண்டும். பதம் வருவதற்குச் சற்று முன்பு, சிறிது தண்ணீரில் கரைத்த சிட்ரிக் அமிலத்தை ஊற்ற வேண்டும். தொடக்கத்திலேயே புளிப்பைச் சேர்த்து நெடுநேரம் காய்ச்சினால் பெக்டின் சிதைந்துவிடும்.

ஒரு சொட்டை பி.எச். தாளில் வைத்துப் பாருங்கள். 3.3-க்கு மேல் காட்டினால் இன்னும் அரை கிராம், ஒரு கிராம் என்று சிட்ரிக் அமிலத்தைக் கூட்டிச் சரிசெய்ய வேண்டும். இந்தச் சோதனையைக் காய்கறி ஜெல்லியில் விடவே கூடாது.

பதம் பார்ப்பது

சமையல் வெப்பமானி இருந்தால் 105 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கலாம். ஏற்காடு, ஊட்டி போன்ற மலைப் பகுதிகளில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். அங்கெல்லாம் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையைவிட 5 டிகிரி கூடுதல் என்பதே கணக்கு.

வெப்பமானி இல்லாவிட்டால் கரண்டிச் சோதனை. கரண்டியில் சிறிது எடுத்து ஆற்றி, சாய்த்து ஊற்றினால் சொட்டுச் சொட்டாக விழாமல் இரண்டு சொட்டு சேர்ந்து தகடாக வழிய வேண்டும். எடை பார்ப்பது இன்னும் நம்பகமானது. சேர்த்த சர்க்கரையின் எடையைப் போல ஒன்றரை மடங்குக்கு ஜெல்லி சுண்டினால் பதம் சரி. 750 கிராம் சர்க்கரைக்கு ஏறக்குறைய 1,150 கிராம் ஜெல்லி கிடைக்கும். காலிப் பாத்திரத்தின் எடையை முன்பே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பாட்டிலில் அடைத்தல்

உணவைப் புட்டியில் அடைத்து, கொதிநீரில் வைத்துக் கெடாமல் காக்கும் முறையைப் பிரான்ஸ் நாட்டு மிட்டாய்க்காரர் நிக்கோலா அப்பேர் 1810-இல் நூலாக வெளியிட்டு 12,000 பிராங்க் பரிசு பெற்றார். கிருமிகள்தான் உணவைக் கெடுக்கின்றன என்று லூயி பாஸ்டர் விளக்குவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே வந்த முறை இது. இன்றைக்கும் அடிப்படை அதேதான்.

விளிம்பில் விரிசலோ சில்லோ இல்லாத கண்ணாடி பாட்டில்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவைத்து, சூட்டோடு வைத்திருக்க வேண்டும். மூடி புதியதாக இருக்க வேண்டும். பழைய மூடியின் ரப்பர் வளையம் ஒருமுறை அழுந்தியது, மறுபடி காற்றுப் புகாமல் மூடாது. பாட்டிலை வெறும் தரையில் வைக்காமல் மரப்பலகை அல்லது மடித்த துணிமேல் வைத்து, ஜெல்லியைச் சூட்டோடு ஊற்ற வேண்டும். மேலே கால் அங்குலம் இடம் விட வேண்டும். விளிம்பில் ஒட்டியதைச் சுத்தமான ஈரத்துணியால் துடைத்து மூட வேண்டும்.

பிறகு, அடியில் துணி விரித்த பெரிய பாத்திரத்தில் பாட்டில்களை நிறுத்தி, மூடிக்கு மேல் ஓர் அங்குலம் வெந்நீர் நிற்கும்படி ஊற்றி, நன்றாகக் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து 5 நிமிடம் வைக்க வேண்டும். காஞ்சிபுரம் போன்ற சமவெளிக்கு இது போதும். ஏற்காட்டுக்கு 10 நிமிடம், ஊட்டி, கொடைக்கானலுக்கு 15 நிமிடம் தேவை. எடுத்து அசைக்காமல் ஒரு நாள் ஆறவிட வேண்டும். ஆறியபின் மூடியின் நடுப்பகுதி உள்வாங்கி இருக்க வேண்டும். விரலால் அழுத்தும்போது மேலும் கீழும் அசைந்தால் அது சரியாக மூடவில்லை. அந்தப் பாட்டிலைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து முதலில் தீர்த்துவிட வேண்டும்.

ஜெல்லியின் மேல் உருக்கிய மெழுகு ஊற்றும் பழைய வழக்கம் இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. மெழுகு ஓரத்தில் விலகி, பூசணத்துக்கு இடம் கொடுத்துவிடும்.

இந்தத் தவறு மட்டும் வேண்டாம்

ஜெல்லி நன்றாக வந்ததும், இதே முறையில் கேரட், பீன்ஸ், பட்டாணியையும் தண்ணீரில் போட்டு பாட்டிலில் அடைக்கலாமே என்ற எண்ணம் வரும். கூடாது.

மண்ணில் வாழும் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் 100 டிகிரி கொதிநீரில் சாகாது. காற்றுப் புகாத பாட்டிலுக்குள், புளிப்பில்லாத உணவில் அவை முளைத்து நஞ்சு சுரக்கும். அந்த நஞ்சைச் சுவையோ மணமோ காட்டிக்கொடுக்காது. நரம்புகளைச் செயலிழக்கச் செய்து, மூச்சுத் தசைகளையே முடக்கிவிடும். பி.எச். அளவு 4.6-க்குக் கீழ் இருந்தால் இந்த வித்துகள் முளைப்பதில்லை. ஜெல்லியில் புளிப்பும் சர்க்கரையும் சேர்ந்து காவல் நிற்பதால்தான் கொதிநீர் போதுமானதாகிறது. சிட்ரிக் அமிலத்தைக் குறைத்தாலோ விட்டுவிட்டாலோ அந்தக் காவல் போய்விடும்.

புளிப்பில்லாத காய்களை அடைக்க 121 டிகிரி வெப்பமும் அதற்கென்றே வடிவமைத்த அழுத்தக் கலனும் வேண்டும். வீட்டு பிரஷர் குக்கர் அதற்கு ஈடாகாது. வீட்டில் காய்களைச் சேமிக்க ஊறுகாய், வற்றல் என்று நம்மிடமே நல்ல வழிகள் இருக்கின்றன.

தறி வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை

காஞ்சிபுரத்தில் பல வீடுகளில் தறியும் அடுப்பும் அருகருகே இருக்கும். பட்டு நூலைச் சோடா, சோப்புப் போட்டு அவிக்கும் பாத்திரத்தையும், சாயம் காய்ச்சிய பாத்திரத்தையும் எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது. ஈயம் பூசாத பித்தளை, செம்பு, சாதாரண அலுமினியப் பாத்திரங்களும் வேண்டாம். புளிப்பு அவற்றை அரித்துவிடும். அடி கனமான எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது. நூல் தூசு பறக்கும் இடத்தில் பாட்டில் நிரப்பவும் கூடாது.

விற்க நினைத்தால்

1 கிலோ சர்க்கரைக்கு ஒன்றரை கிலோ ஜெல்லி, அதாவது 250 கிராம் பாட்டில் 6 கிடைக்கும். கணக்குப் போடும்போது சர்க்கரை, பெக்டின், எரிவாயு, பாட்டில், மூடி, லேபிள், உழைப்புக் கூலி எல்லாவற்றையும் எழுதுங்கள். தோல் இலவசம் என்பதால் ஜெல்லி மலிவாகிவிடாது. பல நேரங்களில் உள்ளே இருக்கும் பொருளைவிட பாட்டிலும் மூடியும்தான் விலை கூடுதல்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1955-ஆம் ஆண்டின் பழப் பொருள்கள் ஆணை இருந்த இடத்தில் இப்போது 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் நடைமுறையில் உள்ளது. பழ ஜெல்லி என்று பெயரிட்டு விற்க, அதில் பழப்பகுதி 45 சதவீதத்துக்கும், கரைந்த திடப்பொருள் 65 சதவீதத்துக்கும் குறையக் கூடாது. தர்பூசணித் தோலும் கேரட் சீவலும் சேர்ந்ததைப் பழ ஜெல்லி என்று லேபிள் ஒட்டக் கூடாது. என்ன பெயரில், எந்தப் பிரிவில் பதிவு செய்வது என்று மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆகவே விற்பனைக்குக் கொய்யா ஜெல்லி, வீட்டுத் தேவைக்குக் காய்கறித் தோல் ஜெல்லி என்று தொடங்குவதே சிக்கலில்லாத வழி.

பயிற்சிக்குக் காட்டுப்பாக்கத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும், தஞ்சாவூரிலுள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தையும் அணுகலாம். சிறு உணவுத் தொழில்களுக்காக 2020-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் திட்டத்தில், வங்கிக் கடனோடு இணைந்து 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் வழங்க வழி செய்யப்பட்டது. தற்போதைய நிலையை மாவட்டத் தொழில் மையத்திலோ வேளாண் வணிகத் துறையிலோ விசாரித்து, கையில் ஒப்புதல் கிடைத்த பிறகே இயந்திரம் வாங்க வேண்டும்.

வாசகர்கள் கேட்பவை

*ஜெல்லி உறையவே இல்லை. மறுபடி காய்ச்சலாமா?*

ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். சில நேரம் தாமதமாக உறையும். அப்படியும் பாகாகவே இருந்தால், பி.எச். பார்த்து, சிறிது பெக்டினும் சிட்ரிக் அமிலமும் சேர்த்து ஒருமுறை மட்டும் மறுபடி காய்ச்சலாம். புதிய மூடி போட்டு மறுபடி கொதிநீரில் வைக்க வேண்டும். அதுவும் உறையாவிட்டால் சர்பத்துக்குப் பயன்படுத்துங்கள்.

*ஜெல்லியிலிருந்து தண்ணீர் கசிகிறது. இன்னொரு பாட்டிலில் கற்கண்டு போல் படிகம் வருகிறது. ஏன்?*

தண்ணீர் கசிவது புளிப்பு மிகுந்ததன் அடையாளம். படிகம் வருவது சர்க்கரை கூடியதால் அல்லது அதிகமாகச் சுண்டியதால். அடுத்த முறை எடை பார்த்து இறக்குங்கள்.

*மேலே லேசாகப் பூசணம். அதை மட்டும் எடுத்துவிட்டுச் சாப்பிடலாமா?*

கூடாது. கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே இறங்கியிருக்கும். முழு பாட்டிலையும் கொட்டிவிடுங்கள்.

*பெக்டினுக்குப் பதில் கடற்பாசி சேர்த்தால் சர்க்கரை குறைக்கலாமே?*

கடற்பாசி, அதாவது அகர் அகர், சர்க்கரை இல்லாமலே உறையும். ஆனால் அது அன்றாடம் செய்து குளிர்பதனப் பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்க்க வேண்டிய இனிப்பு. பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைக்க உதவாது. சர்க்கரை நோயாளிகளுக்கு 65 சதவீதச் சர்க்கரை உள்ள ஜெல்லி எந்தப் பெயரில் வந்தாலும் ஏற்றதல்ல.

*அடைத்த பாட்டில் எவ்வளவு நாள் இருக்கும்?*

வெயில் படாத, சூடில்லாத இடத்தில் வைத்து ஓராண்டுக்குள் பயன்படுத்துவது நல்லது. தயாரித்த தேதியை ஒவ்வொரு பாட்டிலிலும் எழுதி ஒட்டுங்கள். திறந்தபின் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, உலர்ந்த கரண்டியால் மட்டும் எடுங்கள்.

*வடிகட்டிய சக்கையை என்ன செய்வது?*

கொய்யாச் சக்கையை மசித்துச் சர்க்கரை சேர்த்து அல்வா போலக் கிளறலாம். கேரட், தர்பூசணிச் சக்கையைப் புளிக்கும் முன் ஆடு மாடுகளுக்குச் சிறிதளவு கொடுக்கலாம். எலுமிச்சைத் தோல் கலந்ததைப் பிரித்து எருக்குழியில் போடுங்கள். மண்புழுவுக்குப் புளிப்பு ஆகாது.